ரெண்டாவது குரல்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. போனை மேசை மேலயே வெச்சுப் பதிவு பண்ணிக்கோங்க. பதிவு பண்ணாலும் பண்ணாட்டியும் நான் பேசுறது ஒரே பேச்சுதான்.

சிப்போராளைப் பத்திக் கேக்க வந்திருக்கீங்க. இந்த வருஷத்துல நீங்க நாலாவது ஆளு. மொதல்ல பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, மூக்குல வளையம் போட்டுக்கிட்டு. அப்புறம் ஒரு பத்திரிகைக்காரர். அப்புறம் யாரோ ஒரு தாடி. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். தமிழ்ல முதமுதல்ல சோல் பாடுனவங்களாமே, நீங்க கூடப் பாடியிருக்கீங்களாமே, அவங்க எப்படி, என்ன மாதிரி. மேபல் ஞானாதிக்கம் எப்படிப் பாடுவான்னு ஒருத்தர் கேட்டதில்ல. கேக்க வேணாம். நான் அதுக்காகச் சொல்லல.

சோல்னா என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு? அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க சர்ச்சுல பாடிக்கிட்டிருந்ததை வெளியில கொண்டுவந்து, கர்த்தர்னு வர்ற எடத்துல எல்லாம் காதலனைப் போட்டுப் பாடுனா அதுக்குப் பேரு சோல். ஆத்மாவாம். எங்களுக்கெல்லாம் ஆத்மா இல்லாத மாதிரி. நான் ஏழு வயசுல பியானோ படிச்சவ. லண்டன்ல இருந்து கப்பல்ல வந்து பரீட்சை வைப்பாங்க, அதுல ஆறாவது கிரேடு வரைக்கும் பாஸ் பண்ணவ. அப்பா கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தார். வேப்பேரி சர்ச்சுல கிறிஸ்மஸ் ஆராதனைக்கு முதல் குரல் யாரு, மேபல்தான். சுருதி ஒரு மயிரிழை பிசகுனா எங்க மிஸ் கையில ஸ்கேலால போடுவாங்க. அப்படிக் கத்துக்கிட்டது பாட்டு. காபியக் குடிங்க, ஆறுது.

எழுபத்தொண்ணுல நான் டென்சில் வாட்ஸோட பேண்டுல பாடிக்கிட்டிருந்தேன். டென்சில் பெரம்பூர்க்காரன், ஆங்கிலோ இந்தியன், ஆர்கன் வாசிப்பான். மவுண்ட் ரோட்டுல சவுத்விண்ட்னு ஒரு ஹோட்டல் இருந்துச்சு, இப்ப அந்த எடத்துல செருப்புக் கடை. ஞாயித்துக்கிழமை காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் ஜாம் செஷன்னு பாட்டுக் கச்சேரி. காலேஜ் புள்ளைங்க எல்லாம் சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்க வந்துரும். கோல்ட் காபி, சாண்ட்விச், அவ்வளவுதான். நான் மொத ஆராதனை முடிச்சுட்டு அந்தப் புடவையோடவே போய் ஆறு பாட்டு பாடுவேன். எல்லாம் மெதுவான பாட்டு. வார்த்தை ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி கேக்கணும். கேட்டுச்சு.

உடனே ஆம்பள விஷயம்னு நெனைக்காதீங்க. அந்தத் தாடி அப்படித்தான் கேட்டான், டென்சிலுக்கும் உங்களுக்கும் ஏதாவதுன்னு. ஒண்ணும் இல்ல. டென்சில் வாயில எப்பவும் பூண்டு நாத்தம். எனக்கும் சிப்போராளுக்கும் நடுவுல இருந்தது பாட்டு மட்டும்தான்.

அந்த வருஷம் ஜூன் மாசம் பெரம்பூர்ல ஒரு எழுப்புதல் கூட்டம். பந்தல் போட்டு, ஜெபம், சாட்சி, அழுகை. டென்சில் அங்க ஆர்கன் வாசிக்கப் போனான். திரும்பி வந்தவன் ஒரு மாதிரி இருந்தான். "மேபல், ஒரு பொண்ணு பாடுச்சு. மைக் வேலை செய்யல. அது அப்படியே பாடுச்சு. பந்தலுக்கு வெளியில ரிக்‌ஷாக்காரன் வண்டிய நிறுத்திட்டான்" அப்படின்னான். நான் சொன்னேன், ரிக்‌ஷாக்காரன் சவாரி இல்லாம நின்னிருப்பான்.

அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வந்துட்டான். இருபது வயசு. கறுப்பா, ஒடிசலா, கால்ல வெள்ளை கேன்வாஸ் ஷூ. மிஷன் ஆஸ்பத்திரியில நர்ஸ் டிரெய்னிங் பண்ணுதாம். ஊரு கோலார் தங்க வயல். அப்பா சுரங்கத்துல வேலை செஞ்சு அங்கயே செத்துட்டாராம். பேரு சிப்போராள். மோசேயோட பொண்டாட்டி பேரு, வேதாகமத்துல யாரும் கண்டுக்காத பேரு, அதைத் தேடிப் புடிச்சு வெச்சிருக்காங்க. அந்த ஜனங்க அப்படித்தான் வைப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க ஜாதி பாக்குறவங்க இல்ல. எங்க சர்ச்சுல எல்லாரும் ஒண்ணுதான். அவங்க பின்னாடி பெஞ்சுல உக்காருவாங்க, அது அவங்களா உக்கார்றது.

அன்னைக்கு அவ பாடுனா. எனக்கு மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு, பாடத் தெரியாதுன்னு. மூச்சை எங்க வேணா எடுக்குறா. சுரத்தைப் புடிச்சா அதுல நிக்கல, அதைப் போட்டு இழுக்குறா, வளைக்குறா, கீழ எறக்கித் திரும்ப ஏத்துறா. மேல போறப்ப குரல் உடையுது. மத்தவங்க உடைஞ்சா மறைப்பாங்க. இவ உடைஞ்ச எடத்துலயே நின்னு இன்னும் அழுத்துறா. முன்னாடி மேசைல இருந்த புள்ளைங்க ஸ்பூனைக் கீழ வெச்சுட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் மேசையைத் தட்டுனாங்க பாருங்க, சாஸ் பாட்டில் உருண்டு விழுந்துச்சு. சத்தம் போட்டா யாரு வேணா மேசையத் தட்டுவாங்க.

அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. டென்சில் எங்கிட்ட வந்து, "நீ கொஞ்சம் எழுதிக் குடு மேபல்" அப்படின்னான். நான் எழுதிக் குடுத்தேன். தமிழ் எழுத்துல இங்கிலீஷ் பாட்டு. ஒவ்வொரு வாரமும் மூணு பக்கம், நாலு பக்கம், எங்க மூச்சு விடணும்னு கோடு போட்டு, ஓரத்துல 'இழுக்காதே', 'கீழே'ன்னு குறிப்பு எழுதி. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், ழகரத்துக்கு மட்டும் ஒரு வால் நீட்டமா விடுவேன், ஸ்கூல்லயே அதுக்குத் திட்டு வாங்கியிருக்கேன். அவ அந்தத் தாளை எல்லாம் வேதப்புஸ்தகத்துக்குள்ள வெச்சுப்பா. "அக்கா, உங்க எழுத்தப் பாத்தா தப்பா பாடவே பயமா இருக்கு" அப்படிம்பா. சொல்லிட்டுப் போய்த் தப்பாத்தான் பாடுவா.

ஆகஸ்ட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை. நல்ல மழை, கூட்டம் கம்மி. ஒரு வேகமான பாட்டு நடுவுல அவளுக்கு வார்த்தை மறந்துபோச்சு. நான் பக்கத்துலதான் நிக்குறேன். நான் எடுத்துக் குடுத்திருக்கலாம். எனக்கு அந்தப் பாட்டு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். குடுக்கல. பாப்போம் என்ன பண்றான்னு நின்னேன். அவ கண்ண மூடிக்கிட்டா. டென்சில் அதே கட்டையைச் சுத்திச் சுத்தி வாசிக்குறான், டிரம்ஸ்காரன் முழிக்கிறான். அவ தமிழ்ல ஆரம்பிச்சா.

மேலே வா, மேலே வா,
வெளக்கணைஞ்சா என்ன,
என் கொரலப் புடிச்சு மேலே வா.

அவ்வளவுதான் பாட்டு. மூணு வரி. இதுக்குத்தான் இப்ப நீங்க எல்லாம் ஆராய்ச்சி பண்றீங்க. புள்ளைங்க மொதல்ல சிரிச்சாங்க. சவுத்விண்ட்ல தமிழ்ப் பாட்டா. பெல்பாட்டம் போட்டுக்கிட்டு வந்ததுங்க, அங்க வந்து வெளக்கு, கொரல்னு கேக்குமா. சிரிச்சாங்க. அவ நிறுத்தல. மூணாவது தடவை சுத்தி வரும்போது சிரிப்பு நின்னுபோச்சு. அஞ்சாவது தடவை ஒரு வெயிட்டர், வேலூர்க்காரர், வயசானவர், தட்டுல நாலு கிளாஸ் காபியோட அப்படியே நின்னுட்டார். அந்த மேசைக்காரங்க அவரைக் கூப்பிடவும் இல்ல.

அப்புறமா நான் கேட்டேன், எங்க புடிச்ச இந்த வரியன்னு. அவ சொன்னா, சுரங்கத்துல பாறை வெடிச்சா சங்கு ஊதுமாம். தொழிலாளிங்க லைன் வீட்டுல இருக்குற பொம்பளைங்க எல்லாம் சுரங்கத்து வாசலுக்கு ஓடுவாங்களாம். ஓடிப்போய் அந்தக் குழிக்குள்ள அவங்கவங்க ஆம்பளை பேரச் சொல்லிக் கத்துவாங்களாம். கீழ ஒரு மைலு, ரெண்டு மைலு. எங்க கேக்கும். "எங்கம்மா ரெண்டு நாளு கூப்பிட்டாங்கக்கா. நானும் கூட நின்னு கூப்பிட்டேன். எனக்கு ஏழு வயசு. அப்பா வரல. அதான் பாட்டு."

சோகக் கதை எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும் தம்பி. எங்க அப்பாவும்தான் செத்தாரு. கட்டில்ல படுத்து, மூணு டாக்டர் பாத்து, ஒழுங்கா செத்தாரு. அதுக்காக நான் தொண்டையக் கிழிச்சுக்கிட்டேனா.

அடுத்த வாரத்துல இருந்து மாடிப்படி வரைக்கும் கூட்டம். ஆறு பாட்டு பாடிக்கிட்டிருந்தவ நான், நாலாச்சு, ரெண்டாச்சு. அந்த ரெண்டும் ஆரம்பத்துல, ஜனங்க நாற்காலி இழுத்துப் போடுற சத்தத்துல. ஒரு வாரம் பாதிப் பாட்டுல ஒரு பையன் கேக்குறான், சிஸ்டர் எப்ப வருவாங்கன்னு. நர்ஸு இல்லையா, சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. நான் பாட்டை முடிச்சுட்டுத்தான் எறங்குனேன். கடைசி சுரம் சுத்தமா நின்னுச்சு. யாரு கேட்டா.

அக்டோபர் மாசம் நான் அவ தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு கடுதாசி போட்டேன். உங்க ஹாஸ்டல்ல தங்கி நர்ஸ் டிரெய்னிங் பண்ற பொண்ணு, மது பரிமாறுற ஹோட்டல்ல பாட்டுப் பாடுதுன்னு. அவ்வளவுதான். மொட்டைக் கடுதாசின்னு சொல்லாதீங்க, கையெழுத்துப் போட விட்டுப்போச்சு. அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? சவுத்விண்ட்ல மது பரிமாறத்தான் செஞ்சாங்க. சாயங்காலம் பரிமாறுனாங்க. அவ காலைல பாடுனா. அதையும் எழுதணும்னு இல்லையே. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் எழுதுனேன். நர்ஸ் வேலைன்னா கௌரவமான வேலை, கடைசி வரைக்கும் சோறு போடும். யாராவது பெரியவங்க கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கண்டிப்பாங்க, பாட்ட விட்டுட்டு ஒழுங்கா படிப்பான்னு நெனைச்சேன்.

அவங்க கண்டிக்கல. மூணாவது நாள் டிரங்குப் பெட்டியோட வெளிய அனுப்பிட்டாங்க. டிரெய்னிங்கும் போச்சு. எட்டு மாசம் போயிருந்தா முடிச்சிருப்பா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும். கடுதாசி எழுதுறவங்க கையில இருக்குறது கடுதாசி மட்டும்தான்.

அவ பெரம்பூர்ல டென்சில் அம்மா வீட்டுக்குப் போய்த் தங்குனா. அந்த ஞாயித்துக்கிழமையும் வந்து பாடுனா. முகத்துல ஒண்ணும் இல்ல. எங்கிட்ட எப்பவும் போல, அக்கா சாப்பிட்டீங்களான்னு கேட்டா. நான் சாப்பிட்டேன்னு சொன்னேன்.

நவம்பர்ல ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்து கேட்டுட்டு, ஒரு சின்ன இசைத்தட்டு போடலாம், பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னாரு. கோடம்பாக்கத்துல ஒரு சினிமா ரிக்கார்டிங் நின்னுபோய், அரை நாள் ஸ்டுடியோ காலியா இருந்துச்சு. டென்சில் வந்து எங்கிட்ட சொல்றான், "மேலே வா பாட்டுக்கு ரெண்டாவது குரல் ஒண்ணு வேணும். சிப்போராள் நீதான் பாடணும்னு சொல்லுது. வேற யாரும் வேணாமாம்." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. என்ன ரெண்டாவது குரல், என்ன வார்த்தைன்னு கேட்டேன். ஒரே வார்த்தை. வர்றேன். அவ மேலே வான்னு கூப்பிடுவா, நான் வர்றேன்னு சொல்லணும். ஆறாவது கிரேடு பாஸ் பண்ணவளுக்கு ஒரு வார்த்தை.

ஏன் போனேன்னு கேக்குறீங்களா? ஸ்டுடியோவை உள்ள போய்ப் பாத்ததில்ல, அதான் போனேன்.

ஒரே மைக். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நேருக்கு நேரா. மொத தடவை பாடுனேன். சுத்தமா, சரியான எடத்துல, சரியான சுருதியில. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எஞ்சினியரே தலையாட்டுனார். இவ கையத் தூக்கி நிறுத்துறா. "அக்கா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கீழ மாட்டிக்கிட்டு இருக்கறவன் வர்றேன்னு சொல்றப்ப, வருவோமான்னு அவனுக்கே தெரியாது. நீங்க பஸ்ஸு ஏறி வர்றவங்க மாதிரி சொல்றீங்க."

யாரு யாருக்குச் சொல்றது பாருங்க. ரெண்டாவது தடவை. மூணாவது தடவை. ஏழு தடவை தம்பி. ஒவ்வொரு தடவையும், இன்னும் வரலக்கா, இன்னும் வரலக்கா. எட்டாவது தடவை எனக்கு ரத்தம் தலைக்கேறிப்போச்சு. அவ மூஞ்சியையே பாக்குறேன். ஹாஸ்டல் போச்சு, வேலை போச்சு, காதுல ஒரு பொட்டுக் கம்மல்கூட இல்ல, ஆனா அந்த மூஞ்சில ஒரு பயம் இல்ல. என்னைப் பாத்து மேலே வான்னு பாடுறா. நான் கத்துனேன். பாட்டே இல்ல அது. வர்றேன்ல அந்த 'றே' வர்ற எடத்துல என் குரல் ரெண்டா உடைஞ்சுபோச்சு. வாழ்க்கைல மொத தடவை. கண்ணுல தண்ணி வந்துருச்சு, கோவத்துல. எஞ்சினியர் தப்பாயிடுச்சுன்னு நெனைச்சு நிறுத்தப் போறார், டென்சில் அவர் கையப் புடிச்சுட்டான்.

அதைத்தான் தட்டுல போட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், இன்னொண்ணு பாடித் தரேன்னு. கேக்கல. அப்ப என் பேரு போடாதீங்கன்னு சொல்லிட்டேன். போடல. இப்ப லண்டன்ல ஒரு கம்பெனி அந்தத் தட்டை மறுபடியும் போடுறாங்களே, அதோட அட்டையில எழுதியிருக்காங்களாம், யாரென்று தெரியாத ரெண்டாவது குரல், இந்தக் குரலில்தான் பாட்டு உயிர் பெறுகிறதுன்னு. மூக்கு வளையப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. தப்பு செஞ்ச எடத்தைக் காட்டி உயிருன்னு சொன்னா, அவங்களுக்குக் காது எவ்வளவு கேக்கும்னு பாத்துக்கோங்க.

தட்டு விலை போகல. ரேடியோவுல ஒரு தடவை போட்டாங்க, விவசாய நிகழ்ச்சிக்கு முன்னாடி. பொங்கலுக்கு அப்புறம் சவுத்விண்ட்ல ஜாம் செஷனை நிறுத்திட்டாங்க. டென்சில் ஆஸ்திரேலியா போனான். சிப்போராள் ஊருக்குப் போனா. எனக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை ரயில்வே எஞ்சினியர், நல்ல குடும்பம். நான் சர்ச்சோட நிறுத்திக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அவ என்ன கிழிச்சான்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் இல்ல. பாதில விட்ட படிப்பு, அதனால ஊர் ஆஸ்பத்திரியில ஆயா வேலை. முப்பது வருஷம். கல்லுத்தூசி நெஞ்சுல அடைச்சு இருமிக்கிட்டுக் கெடக்குறவங்களுக்குப் படுக்கை மாத்துறது, தண்ணி குடுக்குறது. அவங்க செத்தா அடக்கத்துல போய்ப் பாடுறது. சாவு வீட்டுப் பாடகி. அங்க பொடிசுங்க எல்லாம் கிதாரைத் தூக்கிக்கிட்டு அவ பின்னாடி சுத்தி, இன்னைக்கு அந்த ஊர்ல தெருவுக்கு ஒரு பேண்டாம். பெங்களூர்ல வந்து வாசிக்குறாங்களாம், சிப்போராளம்மா பாணின்னு சொல்லிக்கிறாங்களாம். பாணிக்கு முறைன்னு ஒண்ணு வேணும். இவ போட்ட முறை என்ன, மூச்சை எங்க வேணா விடலாம்ங்குறதுதான்.

இதை எல்லாம் நான் எங்க இருந்து தெரிஞ்சுக்கிட்டேன்னு பாக்குறீங்க. காதுல விழும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் எபனேசர் அங்க சுரங்கத்துல சர்வே ஆபீசர். லீவுல வரும்போது சொல்லுவார். நானா கேட்டதில்ல. எப்பவாவது கேட்டிருப்பேன்.

அந்த எபனேசர்தான், சுரங்கத்தை மூடுன வருஷம், மூடுன ரெண்டாவது மாசம் செத்துப்போனார். நாங்க கார்ல போனோம். நான் அதுக்கு முன்னாடி அந்த ஊரைப் பாத்ததில்ல. மலை மலையா சாம்பல் நெறத்துல மண்ணு, தங்கத்தை எடுத்துட்டுக் கொட்டுனதாம். புல்லு மொளைக்கல. ஆபீசர் சாவு, இருந்தாலும் தொழிலாளிங்க குடும்பம் குடும்பமா வந்திருக்காங்க, வேலை போனவங்க எல்லாம். கல்லறைத் தோட்டத்துல முந்நூறு பேர் இருப்பாங்க. எங்க ஓரகத்தி எங்கிட்ட மெதுவா சொல்றா, "சிப்போராள்தான் பாடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு." படிச்ச மனுஷன், கல்லூரியில தங்க மெடல் வாங்குனவர். கடைசில இப்படி ஒரு ஆசை.

அவ வந்தா. தலை நரைச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரி ஆயா புடவை, கரை போன நீலம். நான் குடும்பத்தாரோட முன்னாடி வரிசைல நிக்குறேன். என்னைப் பாத்தா. அடையாளம் தெரிஞ்சுபோச்சு, தலையை லேசா ஆட்டுனா, அவ்வளவுதான். பெட்டிய எறக்குறாங்க. கயிறு ரெண்டு பக்கமும் சரசரன்னு போகுது. பெட்டி கீழ போகப் போக இவ ஆரம்பிச்சா, மேலே வா, மேலே வா.

அடக்கம் நடத்துன பாதிரி ஐயர் தடுக்கல. அங்க எல்லா அடக்கத்துலயும் அதுதானாம்.

மூணு வரியும் பாடிட்டு நிறுத்துனா. நிறுத்திட்டு என்னையே பாக்குறா. அந்த எடத்துல என்ன வரணும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வாயத் தெறக்கல. ஒரு மூச்சு விடுற நேரம் இருக்கும். அப்ப எனக்குப் பின்னாடி இருந்து மொத்தக் கூட்டமும் பாடுச்சு. வர்றேன்.

தம்பி, அந்த 'றே'ல அத்தனை பேரும் குரலை உடைச்சாங்க. ஸ்டுடியோவுல என் குரல் எங்க உடைஞ்சுதோ அதே எடத்துல. கெழவிங்க, இருமிக்கிட்டே நின்ன ஆம்பளைங்க, இடுப்புல புள்ளைய வெச்சிருந்த பொண்ணுங்க. யாரோ ஒரு பொம்பளை கோவத்துல செஞ்ச தப்பை, இதுதான் முறைன்னு முப்பது வருஷமா பாடிக்கிட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் தெரியல, தப்பு செஞ்சவ முன்னாடி வரிசைல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நிக்கிறான்னு. அஞ்சு தடவை வந்துச்சு அந்த வார்த்தை. அஞ்சு தடவையும் நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

முடிஞ்சு எல்லாரும் கை கழுவ, வாசல் கேட்டுக்குப் பக்கத்துல இருக்குற குழாய்க்கு வந்தாங்க. அவ எனக்காகத் தண்ணியத் தெறந்துவிட்டுக்கிட்டு நிக்குறா. "நல்லா இருக்கீங்களாக்கா. சாப்பிட்டீங்களா?" அதே கேள்வி.

நான் சொன்னேன், இப்படியா ஒரு அடக்கத்துல பாடுறதுன்னு.

அவ சிரிச்சா. "இன்னைக்கு நீங்க பாடுவீங்கன்னு பாத்தேன்."

"நான் எதுக்குப் பாடணும்?"

"உங்க வார்த்தைதானேக்கா அது."

எனக்கு என்ன தோணுச்சோ, கேட்டுட்டேன். அன்னைக்கு எத்தனையோ பேர் இருந்தாங்களே, ஸ்டுடியோவுக்கு ஏன் என்னை வரச் சொன்னன்னு. அவ குழாய மூடுனா. கையப் புடவையில தொடச்சா. அவசரமே இல்ல.

"ஹாஸ்டல்ல அந்தக் கடுதாசிய என் கையில குடுத்துப் படிக்கச் சொன்னாங்கக்கா. ஒழுக்கம்னு ஒரு வார்த்தை அதுல ரெண்டு எடத்துல இருந்துச்சு. உங்க ழானா."

நான் எங்க கார் எங்க நிக்குதுன்னு பாத்தேன்.

"ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் ரெக்கார்டு பேச்சு வந்துச்சு. அந்தப் பாட்டுல கீழ இருக்கறவன் கொரல் வேணும். பெரம்பூர்ல நாலஞ்சு பொண்ணுங்க இருந்தாங்க, நல்லாத்தான் பாடுவாங்க. ஆனா அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சவங்கள்ல குழிக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

சொல்லிட்டு, "வரேங்க்கா, வார்டுல ஆளு இல்ல" அப்படின்னு போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

பாத்தீங்களா கணக்கை. மன்னிப்பும் இல்ல, சண்டையும் இல்ல. இவ என் வாழ்க்கையக் கெடுத்துட்டான்னு தெரிஞ்சும், இவ தொண்டை எனக்கு வேணும்னு கூப்பிட்டு நிக்க வெச்சிருக்கா. ஏழு தடவை பாட வெச்சு, என்னை உடைச்சு எடுத்துக்கிட்டிருக்கா. இதைக் கேட்டா அந்த மூக்கு வளையம் பெருந்தன்மைன்னு எழுதும். நான் பட்ட அவமானத்தை யாரு எழுதுறது. குழிக்குள்ள இருந்தேனாம். எனக்கு வேப்பேரியில சொந்த வீடு இருந்துச்சு தம்பி, இதே வீடு.

கார்ல எங்க வீட்டுக்காரர் கேட்டார், யார் அந்த ஆயா, தெரிஞ்சவங்களான்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன். போன வருஷம் அவ செத்துப்போனப்ப அவரே பேப்பர்ல படம் பாத்துட்டுக் கொண்டாந்து காட்டுனார், இந்தம்மா அன்னைக்கு அண்ணன் அடக்கத்துல பாடுனவங்கதானேன்னு. அடக்கத்துக்கு நான் போகல. ஆறாயிரம் பேராம். அத்தனை பேர் இருக்கும்போது எனக்கென்ன வேலை.

நான் இப்பவும் பாடுறேனான்னா? சர்ச்சுல பாடுறேன். வாரம் தவறுறதில்ல. எபனேசர் அடக்கத்துக்குப் போயிட்டு வந்த அடுத்த ஞாயிறு, பாடகர் குழுவுல என் எடத்துல இருந்து எழுந்து ரெண்டாவது குரல்காரங்க வரிசைக்குப் போய் உக்காந்துட்டேன். ஏன்னு கேட்டாங்க, தொண்டை சரியில்லன்னு சொன்னேன். தொண்டைக்கு ஒண்ணும் இல்ல, இன்னைக்கு வரைக்கும். என் எடத்துல இப்ப ஒரு டாக்டரம்மா முதல் குரல் பாடுறாங்க. நல்லாப் படிச்சவங்க, எட்டாவது கிரேடு. ஒரு சுரம் பிசகாது, சுத்தமா, கண்ணாடி மாதிரி பாடுவாங்க. பக்கத்துல நின்னு கேக்க முடியல தம்பி.